சேர்வர் பாஸ்வேர்ட் தொலைந்தால் யாரையும் ஃபோமட் பண்ண விடாதீர்கள்

இலங்கை மலையகத்தில் இருக்கும் ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய உதவி நிலையத்தில் ஒரு லினக்ஸ் சேர்வர் இருக்கிறது, அதாவது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுகிற, மற்றக் கணினிகள் எல்லாம் கோப்புகளை எடுக்கும் பொதுக் கணினி. பெரிய கம்பெனிகளில் ஏசி அறைக்குள் வைத்திருப்பார்களே, அந்த வகை இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் டெஸ்க்டொப் ஒன்றில் உபுண்டு சேர்வர் 20.04 என்ற லினக்ஸ் வகையைப் போட்டு மேசைக்குக் கீழே வைத்திருக்கிறோம். அதன் பாஸ்வேர்ட் யார் கையிலும் இல்லாமல் போய்விட்டது. திரும்ப உள்ளே போவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் அலைந்தேன். வேன் வாடகை, கடைகளில் வாங்கிய செக்கிங் காசு, புது ஹாட்டிஸ்க், இன்டர்நெட் டேட்டா எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போனது. கடைசியில் பார்த்தால், பாஸ்வேர்டை மாற்றும் வேலை அரை மணித்தியாலத்தில் முடிகிற, ஐந்து சதமும் செலவில்லாத வேலை. இதை நமக்குப் புரிகிற மாதிரி யாராவது எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதற்றம் உங்களுக்குப் புரியும். தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள், வேலை செய்து நின்றவர்கள் எல்லோருடைய பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பி கார்ட், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தாமார் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பித்த காகிதங்கள், 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்களுக்கு வந்த கடிதங்கள் என்று பல வருடச் சேகரிப்பு. மலையகத்தில் ஒருவருக்கு மூன்று பத்திரத்தில் மூன்று விதமாகப் பெயர் இருப்பது சாதாரணம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறி இன்னொரு பெயர், தோட்டத்து செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) கூப்பிடுகிற பெயர். ஈபிஎப் எடுக்கப் போகும்போதுதான் இது எல்லாம் பெரிய பிரச்சினையாக வெடிக்கும். அந்த நேரம் நாங்கள் வைத்திருக்கும் ஸ்கேன் பிரதி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. லயம் (தோட்ட வரிசை வீடு) எரிந்து எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது எங்களிடம் உள்ள பிரதி மட்டும்தான்.

சித்திரை மாதத்தில் பின்னேர இடிமழை இங்கே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு நாள் விழுந்த இடியில் எங்கள் ரவுட்டர் கருகிப்போனது. சேர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, விசிறி ஓடியது, லைட் எரிந்தது. புது ரவுட்டர் வாங்கி மாட்டினோம். ஆனால் எந்தக் கணினியிலும் ஸ்கேன் ஃபோல்டர் திறக்கவில்லை. காரணம் சின்னது. பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. புதியது 192.168.8 என்று கொடுக்கிறது. சேர்வரில் பழைய முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருந்ததால் அது ஒரு தெருவிலும் நாங்கள் இன்னொரு தெருவிலும் நின்றோம். உள்ளே நுழைந்து ஒரு வரியை மாற்றினால் போதும். உள்ளே நுழையத்தான் பாஸ்வேர்ட் வேண்டும்.

இதை அமைத்துக் கொடுத்த தம்பி கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது லாச்சியில் ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். மொனிட்டரையும் கீபோர்டையும் மாட்டி அதை அப்படியே அடித்தேன். லாகின் இன்கரெக்ட். மெதுவாக அடித்தேன், அதே பதில். இங்கே ஒரு விடயம். லினக்ஸ் கன்சோலில், அதாவது சேர்வரில் நேராக அடிக்கும் கறுப்புத் திரையில், பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்ட் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொன்று, கன்சோலின் கீபோர்ட் அமைப்பு. நிறுவியபோது பிரித்தானிய ஆங்கிலம் என்று தெரிவு செய்திருந்தால், @ அடிக்கிற இடத்தில் மேற்கோள் குறி விழும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பாஸ்வேர்டை முதலில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அடித்துப் பார்ப்பது. அங்கே எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். நம்பர் லொக், கெப்ஸ் லொக் இரண்டையும் பாருங்கள். எனக்கு அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. தம்பிக்கு வட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு நாள் கழித்துத்தான் பதில் வந்தது: “அக்கா, போறதுக்கு முன்னால ஒருமுறை மாத்தின ஞாபகம் இருக்கு. புதுசு என்னன்னு சத்தியமா ஞாபகம் இல்ல.” அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்த பிள்ளை. ஆனால் அந்த வொய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் கடை கடையாக ஏறினேன். டவுனில் ஒருவர் பெட்டியைப் பார்க்காமலே, “லினக்ஸா மிஸ், அதெல்லாம் ஃபோமட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்” என்றார். உள்ளே உள்ள கோப்புகள் என்னாகும் என்று கேட்டேன். போய்விடும் என்று சாதாரணமாகச் சொன்னார். வேறு யாரோ கொடுத்த நம்பரில் பேசிய ஒருவர் பாஸ்வேர்டை உடைத்துக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் கேட்டார், பாதியை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். நல்லவேளை அனுப்பவில்லை. லினக்ஸில் பாஸ்வேர்ட் எந்த இடத்திலும் எழுத்தாக இருப்பதில்லை. /ஈடிசி/ஷேடோ என்ற கோப்பில் அதன் ஹேஷ், அதாவது திருப்பி வாசிக்க முடியாதபடி உருமாற்றிய வடிவம், மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து பழைய பாஸ்வேர்டைத் திரும்ப எடுப்பது நல்ல பாஸ்வேர்டாக இருந்தால் நடக்காத காரியம். அதைவிட முக்கியம், எடுக்கத் தேவையே இல்லை. இயந்திரம் உங்கள் கையில் இருந்தால் பழையதைத் தெரிந்துகொள்ளாமலே புதியதை வைத்துக்கொள்ளலாம். உடைத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அவருக்கு ஒன்றில் லினக்ஸ் தெரியாது, இல்லையென்றால் உங்களை ஏமாற்றுகிறார்.

கண்டியில் ஒரு கடையில் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு வேன் பிடித்துப் பெட்டியைக் கொண்டுபோனேன். பஸ்ஸில் கொண்டுபோகப் பயம், அந்த வளைவுகளில் ஹாட்டிஸ்க் அடிபட்டுவிடும் என்று. கினிகத்தேனை தாண்டும் வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கடையில் இருந்த இளைஞர் மூடியைக் கழற்றி, ஹாட்டிஸ்க்கை எடுத்து, தன்னுடைய விண்டோஸ் கணினியில் யூஎஸ்பி வயரில் மாட்டினார். உடனே திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபோமட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. அவருடைய மவுஸ் அம்பு அந்த ஃபோமட் பொத்தான்மேல் போய் நின்றது. நான் கையை நீட்டி, “தம்பி, வேணாம், கழட்டிடுங்க” என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர், “டிஸ்க் கரப்ட் மிஸ், அதான் ஃபோமட் கேக்குது” என்றார். கரப்ட் இல்லை. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வகைப் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாத எதையும் அது பழுதான டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு ஃபோமட் செய்யக் கேட்கும். இந்த ஒரு விடயத்தை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: லினக்ஸ் ஹாட்டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால் ஃபோமட் கேட்பது வழமை, அதற்கு எப்போதும் கேன்சல்தான் பதில். டிஸ்க் மெனேஜ்மென்டில் இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டாலும் அதே பதில்தான். அன்று நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாலும், எத்தனையோ குடும்பத்துப் பத்திரங்கள் ஒரு க்ளிக்கில் கைவிட்டுப் போயிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது. செக்கிங் கட்டணம் 4,500 ரூபாயைக் கட்டிவிட்டு அதே வேனில் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். உள்ளே நுழைவது அப்புறம் இருக்கட்டும், முதலில் கோப்புகளைப் பத்திரமாக வெளியே எடுப்போம். அந்த வரிசையைத்தான் உங்களுக்கும் சொல்வேன். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருக்காவிட்டால், பாஸ்வேர்ட் தெரியாவிட்டாலும் கோப்புகளை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உபுண்டு டெஸ்க்டொப்பை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பை இரவு நேர டேட்டாவில் இறக்கினேன், சில ஜிபி வரும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதை 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றினேன். சேர்வரை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து (தொடங்க வைத்து), இன்ஸ்டோல் என்பதைத் தொடாமல், ட்ரை உபுண்டு என்பதைத் தெரிவு செய்தேன். இங்கே கவனமாக இருங்கள், இன்ஸ்டோல் பக்கம் போய்விட்டால் டிஸ்க்கை அழிக்கும் கேள்வி வரும். வேலை எதுவும் ஹாட்டிஸ்க்கில் எழுதப்படாமல், பென் டிரைவிலிருந்தே ஒரு முழு லினக்ஸ் ஓடும். ஹாட்டிஸ்க்கின் பகுதிகளை எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளை காட்டும். கட்டளைகளை நான் வாசிக்கும் ஒலியில் எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

உபுண்டு சேர்வர் நிறுவும்போது மாற்றாமல் விட்டால் எல்விஎம் என்ற முறையில் டிஸ்க்கைப் பிரிக்கும். அதனால் நேரடியாக மவுண்ட் செய்யப் போனால், அதாவது அந்தப் பகுதியை ஒரு ஃபோல்டராகத் திறக்கப் போனால், பிழை காட்டும். சூடோ விஜிசேஞ்ச் -ஏஒய் என்று அடித்தால் அந்தப் பகுதிகள் உயிர் பெறும், பிறகு /டெவ்/மேப்பர் என்பதற்குள் உபுண்டு--விஜி-உபுண்டு--எல்வி என்ற பெயரில் தெரியும். அதை மவுண்ட் -ஓ ஆர்ஓ என்று, அதாவது வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி, /எம்என்டி என்ற இடத்தில் ஏற்றினேன். ஆர்ஓ போட்டால் கைதவறி எதையும் அழிக்க முடியாது, அதனால் பயப்படாமல் துழாவலாம். ஸ்கேன் ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஒவ்வொரு தோட்டத்தின் பெயரிலும் ஒரு ஃபோல்டர், உள்ளே குடும்பம் குடும்பமாக. அதைப் பார்த்ததும் அழுதேவிட்டேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. டவுனில் 18,000 ரூபாய்க்கு ஒரு வெளி ஹாட்டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். இரவு முழுக்க ஓடியது. கரண்ட் போகவில்லை, அது ஆண்டவன் புண்ணியம்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகு மனம் லேசாகிவிட்டது, தைரியமும் வந்தது. இனி பாஸ்வேர்ட். லினக்ஸ் இயங்கத் தொடங்கும் முன் கிரப் என்ற ஒரு சிறிய மெனு வரும். உபுண்டுவில் அது ஒளிந்திருக்கும். பயோஸ் என்பது இயந்திரத்தைத் தொடங்கி வைக்கும் மென்பொருள், யூஈஎஃப்ஐ அதன் புதிய வடிவம். பழைய பயோஸ் முறையில் ஓடும் இயந்திரம் என்றால், கம்பெனி லோகோ மறைந்ததும் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். யூஈஎஃப்ஐ என்றால் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்ட வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவுக்குப் பதில் வெறும் கிரப் என்ற கட்டளைத் திரையில் போய் நிற்கும், அப்போது கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் அழுத்தி மறுபடி தொடங்குங்கள். வயர்லெஸ் கீபோர்ட் சில இயந்திரங்களில் இந்தக் கட்டத்தில் வேலை செய்யாது. நான் ஒரு சாதாரண வயர் கீபோர்டை மாட்டிய பிறகுதான் மெனு வந்தது.

மெனுவில் உபுண்டு என்ற வரியில் நின்று ஈ என்ற எழுத்தை அழுத்தினால், பூட் ஆகும் விதத்தை எழுதியிருக்கும் சில வரிகள் தெரியும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரிதான் நமக்கு வேண்டியது. நீளமான வரி, திரையின் ஓரத்தில் மடிந்து அடுத்த வரிக்கு வந்திருக்கும். அதன் கடைசிப் பக்கமாக ஆர்ஓ என்ற இரண்டு எழுத்து இருக்கும். அதை ஆர்டபிள்யூ என்று மாற்றி, ஒரு இடைவெளி விட்டு இனிட்=/பின்/பாஷ் என்று சேர்க்க வேண்டும். பிறகு கன்ட்ரோல் எக்ஸ். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், எங்கேயும் சேமிக்கப்படாது. பிழையாக அடித்தாலும் பவரை நிறுத்திப் போட்டால் பழையபடி வந்துவிடும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்தத் திரையைப் பார்த்து அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் பார்த்த ஒரு குறிப்பில் ஆர்டபிள்யூ பற்றிச் சொல்லவில்லை, அதனால் இனிட் வரியை மட்டும் சேர்த்து பூட் செய்தேன். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ரூட்@(நன்):/# என்று வந்து நின்றது. பாஸ்வேர்ட் கேட்காமலே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். பயனர் பெயர் மறந்திருந்தால் எல்எஸ் /ஹோம் என்று அடித்தால் தெரியும். பாஸ்டபிள்யூடி என்று அடித்து, இடைவெளி விட்டுப் பயனர் பெயரைப் போட்டு, புதிய பாஸ்வேர்டை இரண்டு முறை அடித்தேன். ஓதென்டிகேஷன் டோக்கன் மனிப்யுலேஷன் எரர் என்றது. நெஞ்சு திக்கென்றது. இது பெரிய பெயர் வைத்த சின்னப் பிரச்சினை. டிஸ்க் வாசிக்க மட்டும் என்ற நிலையில் ஏறியிருப்பதால் புதிய பாஸ்வேர்டை எழுத முடியவில்லை, அவ்வளவுதான். மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று அடித்துவிட்டு மறுபடி பாஸ்டபிள்யூடி அடித்தேன். இந்த முறை சக்ஸஸ்ஃபுலி என்று வந்தது.

சந்தோஷத்தில் எக்ஸிட் என்று அடித்தேன். திரை முழுக்க எழுத்து ஓடி, கேர்னல் பேனிக், அட்டெம்டட் டு கில் இனிட் என்று உறைந்து நின்றது. பெட்டியே போய்விட்டது என்று நினைத்தேன். அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதானாம். இந்த முறையில் பூட் செய்யும்போது அந்த பாஷ்தான் இயந்திரத்தின் முதல் புரோகிராம், அதை மூடினால் லினக்ஸின் மையமான கேர்னலுக்கு ஓட்ட ஒன்றுமில்லை. எக்ஸிட் அடிக்க வேண்டாம். சிங்க் என்று அடித்து எழுதியதெல்லாம் டிஸ்க்குக்குப் போனதை உறுதி செய்துவிட்டு, ரீபூட் -எஃப் என்று அடியுங்கள். அல்லது எக்ஸெக் /எஸ்பின்/இனிட் என்று அடித்தால் அப்படியே வழமையான லினக்ஸ் தொடங்கும். நான் பவர் பொத்தானைப் பிடித்து நிறுத்தி மறுபடி போட்டேன். லாகின் திரை வந்தது. புதிய பாஸ்வேர்ட் வேலை செய்தது.

உள்ளே போனதும் /ஈடிசி/நெட்பிளான் ஃபோல்டரில் இருந்த யாமல் கோப்பில் முகவரியையும், கேட்வே என்ற ரவுட்டர் முகவரியையும் 192.168.8க்கு மாற்றினேன். அந்தக் கோப்பில் டேப் விசையைத் தொடாதீர்கள், இடைவெளிதான் போட வேண்டும். நெட்பிளான் அப்ளைக்குப் பதிலாக நெட்பிளான் ட்ரை என்று கொடுத்தால் இன்னும் நல்லது. 120 செக்கனுக்குள் நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். ஃபோல்டரை மற்றக் கணினிகளுக்குப் பகிர்வது சம்பா என்ற மென்பொருள்; அதன் பாஸ்வேர்டும் லினக்ஸ் பாஸ்வேர்டும் வேறு வேறு என்பதால் மற்றக் கணினிகளில் பாஸ்வேர்டை மாற்றத் தேவைப்படவில்லை. புதிய முகவரியைக் கொடுத்தவுடன் ஃபோல்டர் திறந்தது. அன்று பின்னேரமே நோர்வூட் பக்கத்தில் இருந்து ஒரு அம்மாவை வரச் சொன்னேன். அவருக்கு வயது 50 தாண்டிவிட்டது, ஈபிஎப் எடுக்க வேண்டும், லயம் எரிந்ததில் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது. அந்த ஒரு மாதத்தில் எத்தனையோ தடவை வந்து, “டீச்சரம்மா, பெட்டி தொறந்திருச்சா?” என்று கேட்டுப் போனவர். ஸ்கேனில் பதிவு இலக்கமும் திகதியும் தெளிவாக இருந்தன. அந்த இரண்டும் இருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுப்பது சுலபம்.

உங்களுடைய இயந்திரம் உபுண்டுவாக இல்லாமல் இருக்கலாம். டெபியனில் ரிக்கவரி மோட் போனால் ரூட் பாஸ்வேர்டையே திருப்பிக் கேட்கும், அதனால் மேலே சொன்ன இனிட் வழிதான் நல்லது. ரெட் ஹேட், ரொக்கி, அல்மா வகைகளில் லினக்ஸ் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் என்று சேர்த்து, /சிஸ்ரூட்டை ரீமவுண்ட் செய்து, சிஎச்ரூட் /சிஸ்ரூட் அடித்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அங்கே ஒரு படியை விட்டுவிடக் கூடாது: டச் /.ஆட்டோரீலேபல். செலினக்ஸ் என்ற பாதுகாப்பு முறை ஓடுகிற இயந்திரத்தில் அதைச் செய்யாவிட்டால் புதிய பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போகலாம். கிரப்புக்கே பாஸ்வேர்ட் போட்டிருந்தால் பென் டிரைவ் வழியாகப் போங்கள், நான் கோப்புகளைப் பிரதி எடுத்த அதே முறையில், ஆனால் ஆர்ஓ இல்லாமல் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் /எம்என்டி கொடுத்து பாஸ்டபிள்யூடி அடித்தால் போதும். வாடகைக்கு எடுத்த கிளவுட் சேர்வர் என்றால் அந்தக் கம்பெனியின் இணையக் கன்சோலிலோ ரெஸ்கியூ மோடிலோ இதே வேலையைச் செய்யலாம். அமேசானில் என்றால் இயந்திரத்தை நிறுத்தி, அதன் ரூட் வொல்யூமைக் கழற்றி, இன்னொரு இயந்திரத்தில் மாட்டித் திருத்துவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கத்தார் தம்பி சொன்ன ஒரு விடயம் எனக்கு மிகவும் வலித்தது. “அக்கா, கோப்பு மட்டும் அவசரமா வேணும்னா லாகினே தேவயில்லயே. லெப்டொப்புக்கு கையால 192.168.1.50ன்னு ஐபி குடுத்து, ஒரே கேபிள்ல சேர்வரோட நேரா மாட்டியிருந்தா ஃபோல்டர் திறந்திருக்கும்.” அது உண்மைதான். பின்னர் பழைய முகவரியைத் திரும்பப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன், திறந்தது. சம்பா பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம். உங்கள் சேர்வர் ஓடுகிறது, ஆனால் மற்றக் கணினிகளில் தெரியவில்லை என்றால், கண்டிக்கு வேன் பிடிக்க முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு பென் டிரைவும் வயர் கீபோர்டும் இருந்தால் நானே உள்ளே போக முடிந்தது என்றால், கதவைத் திறந்து வருகிற யாரும் போகலாம். உள்ளே இருப்பது ஆட்களின் அடையாள அட்டை இலக்கங்கள், கையொப்பங்கள். லக்ஸ் என்ற முறையில் டிஸ்க்கை முழுதாகக் குறியாக்கம் செய்தால் இந்தக் கதவு அடைபடும். ஆனால் அதைத் திறக்க அடிக்கிற இரகசியச் சொற்றொடர் தொலைந்தால் எந்தக் கடைக்காரராலும், எந்தப் பென் டிரைவாலும் திறக்க முடியாது. இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது, ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து அதை அடிக்க வேண்டியிருக்கும், எங்கள் நிலையத்தில் எல்லா நாளும் ஆள் இருப்பதில்லை. பேசிப் பார்த்து, சேர்வரைக் குறியாக்கம் செய்யாமல் விட்டு, அதைப் பூட்டுள்ள அறைக்கு மாற்றினோம், பயோஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டு, பென் டிரைவிலிருந்து பூட் ஆவதை நிறுத்தினோம். பயோஸ் பாஸ்வேர்ட் முழுப் பாதுகாப்பு இல்லை, மூடியைக் கழற்றத் தெரிந்தவருக்கு அது தடை ஆகாது; அதனால்தான் பூட்டு. வெளி ஹாட்டிஸ்க்கை மட்டும் லக்ஸ் போட்டுக் குறியாக்கம் செய்திருக்கிறோம், ஏனென்றால் அது பையில் வீட்டுக்குப் போய் வருகிறது, பஸ்ஸில் தொலையலாம். அதன் சொற்றொடரையும் சேர்வர் பாஸ்வேர்டையும் எழுதி ஒட்டிய இரண்டு கவர்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்கின்றன, ஒன்று டிக்கோயாவில், ஒன்று தலவாக்கலையில். பாஸ்வேர்டை மாற்றுகிறவர் இரண்டு கவரையும் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கூட்டத்தில் எழுதி வைத்தோம். நான் இல்லாத நாளில் வேறு ஒருவர் கவரைப் பிரித்து லாகின் செய்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன், சென்ற மாதம் பிரித்துப் பார்த்தார்கள், திறந்தது.